கை மட்டும் தெரிகிறது

ஒரு சின்னப் பரீட்சை. பேப்பர், பேனா வேண்டாம். மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்ளலாம். யாரும் திருத்தப் போவதில்லை.

இன்று சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை நீங்கள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டை, செருப்பு, கைக்கடிகாரம் எல்லாம் சேர்ந்தே மறைந்துவிடும். ஆறு மணி அடித்ததும் பழையபடி ஆகிவிடுவீர்கள். நடுவில் நடந்ததை ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது.

என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வியை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, 'நான் இல்லாதப்ப ஆபீஸ்ல என்னைப் பத்தி என்ன பேசிக்கிறாங்கன்னு போய் நின்னு கேட்பேன்' என்பார்கள். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு பேங்க், நகைக்கடை, மாமனார் வீட்டு பீரோ என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சிலர் பதிலே சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்கள்தான் நிஜமாகவே யோசித்தவர்கள்!

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் மட்டும் நான் கேள்வியை முடிப்பதற்குள் முகம் மலர்ந்து, 'இரும்புக்கை மாயாவி மாதிரியா சார்?' என்றார். என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லை. சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டை நோக்கி ஒரு விரலை நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான். அந்த ஒரு விரலில் ஒரு தலைமுறையின் பால்யம் முழுக்க இருந்தது.

இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு சுருக்கம். லூயி கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். ஒரு விபத்தில் வலது கை போய்விட்டது. அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வெடிவிபத்து. அவன் உடம்பில் மின்சாரம் பாய்கிறது. ஆள் மறைந்துவிடுகிறான். மின்சாரம் ஏறினால் மறைவான், சக்தி தீர்ந்தால் தெரிவான். ஆனால் ஒன்று. எத்தனை வோல்ட் பாய்ந்தாலும் அந்த எஃகுக் கை மட்டும் மறையாது. அது பாட்டுக்கு அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

1962 அக்டோபரில் லண்டனிலிருந்து வந்த 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையின் முதல் இதழில் இவன் பிறந்தான். கதையை ஆரம்பித்தவர் கென் புல்மர். பிறகு டாம் டல்லி எழுதினார். படம் வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஜீஸஸ் பிளாஸ்கோ. இங்கிலாந்தில் அந்தப் பத்திரிகை எப்போதோ நின்றுவிட்டது. அங்கே இன்று இவன் பெயரைச் சொன்னால் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் தலையாட்டலாம். நம் ஊர்க் கதையே வேறு. 1972-ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் ஆரம்பித்த முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்த காலம். அதன் பிறகு 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' என்று மாயாவி தமிழ்நாட்டிலேயே குடியேறிவிட்டார். ஆமாம், 'மாயாவி' ஆனதுமே அவர் நமக்கு 'அவன்' இல்லை, 'அவர்'!

பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அவன் 'ஸ்டீல் க்ளா'. க்ளா என்றால் பிராணிகளின் கூர்மையான வளைந்த நகம். பருந்துக்கும் புலிக்கும் இருப்பது. சிவகாசியில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த நகத்தைக் கையாக்கினார். பயமுறுத்தும் ஒரு மிருகத்தின் உறுப்பு, நம் தோளில் வந்து விழக்கூடிய மனிதக் கையாக மாறியது. இவ்வளவு செல்வாக்கு இங்கே அவருக்கு வந்ததில் அந்த ஒரு வார்த்தைக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

செல்வாக்கு என்றால் சாதாரணச் செல்வாக்கா? சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை விரலில் சுற்றிக்கொண்டு தெருத்தெருவாக மறைந்து திரிந்த பையன்கள் எத்தனை பேர்! பிளக் பாயின்ட் துளைகளைப் பழந்துணி வைத்து அடைத்த அம்மாக்கள் எத்தனை பேர்! ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். அங்கே பழைய புத்தகக் கடைகளில் மாயாவி கிடைப்பார், அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. இன்று நம் புறநகர் ரயில்கள் போய் நிற்கிற மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் அந்த இடத்தில் எழுந்ததுதான். தினமும் லட்சக்கணக்கான கால்கள் மாயாவி விற்ற மண்ணை மிதித்துக்கொண்டு போகின்றன. இயக்குனர் லோகேஷ் கனகராஜ் தன் கனவுப் படம் என்று சொல்லி வந்ததும் இந்தப் பெயரைத்தான். லயன்-முத்து காமிக்ஸ் பழைய மாயாவிக் கதைகளை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது வாங்கியவர்களில் பலருக்கு நரை விழுந்திருந்தது.

ஒரே ஒரு சங்கடம். மாயாவியின் தொழிலுக்குக் கரன்ட் முக்கியம். 2012-ல் சென்னையிலேயே தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. வெளியூர்களில் அதைப்போல் பல மடங்கு. அந்த வருஷம் அவர் தமிழ்நாட்டில் வில்லனைத் துரத்திக்கொண்டு வந்திருந்தால், பிளக்கில் விரலை வைத்தபடி நடு ஹாலில் அசடு வழிந்துகொண்டு நின்றிருப்பார்!

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் சொல்ல வந்தது பழைய நினைப்பு இல்லை. யாரும் பார்க்காதபோது மனிதன் ஏன் ஒழுங்காக இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷமாகப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் பதில் தேடியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் பிடிக்காத ஒரு நுனியை ஒரு சிறுவர் காமிக்ஸ், தான் அறியாமலேயே பிடித்துவிட்டது என்பதுதான்.

முதலில் கிரேக்கத்துக்குப் போகலாம். பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் அவருடைய சகோதரர் கிளாக்கான் ஒரு கதை சொல்கிறார். லிடியா தேசத்து ராஜாவிடம் வேலை பார்த்த ஒரு ஆட்டிடையன். பூகம்பம் வந்து பூமி பிளக்கிறது. உள்ளே இறங்கிப் பார்க்கிறான். வெண்கலக் குதிரை. அதற்குள் ஒரு பிணம். அதன் விரலில் தங்க மோதிரம். மோதிரத்தின் முகப்பை உள்பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடுகிறான்! இடையன் என்ன செய்தான்? நேரே அரண்மனைக்குப் போனான். ராணியை வசப்படுத்தினான். ராஜாவைக் கொன்றான். ராஜ்யத்தை எடுத்துக்கொண்டான்.

இப்போது கிளாக்கான் கேட்கிறார்: இந்த மாதிரி இரண்டு மோதிரம் இருந்து, ஒன்றை நல்லவனுக்கும் ஒன்றைக் கெட்டவனுக்கும் கொடுத்தால் ஏதாவது வித்தியாசம் இருக்குமா? இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். அப்படியானால் நாம் நல்லவர்களாக இருப்பது மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால்தானே?

பதில் சொல்லவேண்டியவர் சாக்ரடீஸ். அந்தப் புத்தகத்தின் மிச்சம் முழுக்க அந்தப் பதில்தான் என்று சொல்லலாம். அநியாயம் செய்கிறவனின் உள்ளம் சீர்குலைந்துபோகிறது, அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம் என்பது அதன் சாரம். நல்ல பதில்தான். ஆனால் உள்ளம் சீர்குலைந்த பல பேர் ஏசி காரில் சௌக்கியமாகப் போய்க்கொண்டிருப்பதை நாம் பார்க்கிறோமே, அதனால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை!

1897-ல் எச்.ஜி.வெல்ஸ் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' கதையை எழுதினார். பாவம், அவருடைய ஆள் மறைந்தாலும் சட்டை மறையாது. குளிரில் அம்மணமாகத் திரிந்து ஜலதோஷம் பிடித்துத் தும்முகிறான். அவனும் திருட்டில் ஆரம்பித்துக் கொலைவரை போகிறான். நம் கிராண்டேல்? நாம் மறந்துவிட்ட சங்கதி இது. முதல் கதையில் அவரும் வில்லன்தான்! மறைய முடிகிறது என்று தெரிந்ததும் கொள்ளையில்தான் இறங்குகிறார். பிறகுதான் மனம் திரும்பி, நிழல் படை என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து நல்லவராகிறார்.

பாருங்கள், கிரேக்கத்து ஞானி, லண்டன் நாவலாசிரியர், காமிக்ஸ் கதாசிரியர் மூன்று பேருடைய முதல் யோசனையும் ஒன்றுதான். மறைந்தவன் திருடுவான்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. கனகதாசர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். குரு சீடர்களிடம் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்து, 'யாரும் பார்க்காத இடத்தில் சாப்பிட்டுவிட்டு வா' என்கிறார். எல்லோரும் கதவுக்குப் பின்னால், மரத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். கனகதாசர் மட்டும் பழத்தோடு திரும்பி வருகிறார். 'கடவுள் பார்க்காத இடமே கிடைக்கவில்லை சுவாமி.'

அழகான கதை. ஆனால் இதைக் கேட்டு வளர்ந்த நாம், கடவுள் பார்க்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தெருமுனையில் கேமராவும் வைத்தோம். சென்னை போலீஸ் அதற்கு வைத்த பெயரே 'மூன்றாவது கண்'. சிவபெருமானின் வேலையைப் பங்குபோட்டுக் கொண்டாயிற்று! ஆவடிக்கென்று 2022 ஜனவரியில் தனி போலீஸ் கமிஷனரகமே வந்துவிட்டது. கேமராவால் குற்றவாளிகள் பிடிபடுகிறார்கள், வாஸ்தவம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாடியிலிருந்து அம்பத்தூர் வரும் வழியில் ஒரு சிக்னலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்திருந்த ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு ஏறும். போலீஸ்காரரைத் தாண்டியதும் இறங்கும். என்னவோ மண்டை அவருடையது மாதிரி!

கடவுள் பார்க்கிறார், கேமரா பார்க்கிறது. இரண்டு பதிலும் அடிப்படையில் ஒன்றுதான். 'நீ மறையவில்லை, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.' அதாவது கிளாக்கான் சொன்னதை நாம் மறுக்கவே இல்லை. அவருடைய மோதிரத்தை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டோம்.

இங்கேதான் மாயாவி வருகிறார். இடையனுக்கும் மாயாவிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இடையன் முழுசாக மறைகிறான். மாயாவியால் முடியாது. முகம் மறையும். பெயர் மறையும். கால் தடம்கூடப் பிரச்னை இல்லை. எது ஒரு காரியத்தைச் செய்கிறதோ, எது பூட்டை உடைக்கிறதோ, எது பக்கத்து ஆளைத் தூக்கிவிடுகிறதோ, அது மட்டும் மறையாது. கதாசிரியர்கள் இதில் தத்துவம் எதையும் யோசித்திருக்க மாட்டார்கள். முழுசாக மறைந்தால் ஓவியர் எதை வரைவது? ஒரு கட்டம் முழுக்கக் காலியாக விட்டால் பையன்கள் காசைத் திருப்பிக் கேட்பார்களே! அந்த அவசியத்துக்காக வைத்த கை, ஒரு நீதி ஆகிவிட்டது. ஆள் மறையலாம், செய்த கை மறையாது.

நான் படித்தது பி.காம். காலேஜில் சேர்ந்த புதிதில் பொருளாதார வகுப்பில் ஆடம் ஸ்மித்தின் 'கண்ணுக்குத் தெரியாத கை' வந்தது. 1776-ல் வந்த புத்தகம். ஒவ்வொருவனும் தன் லாபத்தைப் பார்த்துக்கொண்டு போனாலும், ஏதோ ஒரு தெரியாத கை வழிநடத்தியதுபோல ஊருக்கும் நன்மை நடந்துவிடுகிறது என்ற கருத்து. மாயாவி படித்து வந்த பையனுக்கு எவ்வளவு குழப்பமாக இருக்கும்! மாயாவிக்கு ஆள் தெரியாது, கை தெரியும். ஸ்மித்துக்கு ஆட்கள் எல்லோரும் தெரிகிறார்கள், கை தெரியவில்லை. அப்படியே தலைகீழ்.

அடுத்து கம்பெனிச் சட்டம். அங்கே சாலமன் வழக்கு. காமர்ஸ் படித்தவர்கள் யாரும் மறக்க முடியாது. லண்டனில் ஆரன் சாலமன் என்று ஒரு பூட்ஸ் வியாபாரி. தன் வியாபாரத்தைக் கம்பெனியாக மாற்றினார். பங்குதாரர்கள் அவர், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள். கம்பெனி நொடித்துப்போனது. கடன் கொடுத்தவர்கள் சாலமனைப் பிடித்தார்கள். 1896-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: கம்பெனி வேறு, சாலமன் வேறு. கம்பெனி என்பது தனி ஆள். கண்ணுக்குத் தெரியாத, தொட்டுப் பார்க்க முடியாத, ஆனால் சட்டப்படி உயிரோடு இருக்கிற ஆள்!

நியாயத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் யாரும் துணிந்து முதல் போட மாட்டார்கள். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்திருக்காது. வயல்வெளியாக இருந்த இடத்தில் லேத் சத்தமும் பிரஸ் சத்தமும் கேட்டிருக்காது. எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் கொரட்டூரிலும் பட்டரவாக்கத்திலும் வீடு கட்டியிருக்க முடியாது. மறைவது எப்போதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. கேள்வி, கையும் சேர்ந்து மறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான்.

தொழிற்பேட்டையில் ஒரு டீக்கடையில் சில வருஷங்களுக்கு முன் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அறுபதை நெருங்குகிற வயசு. டீ கிளாஸை இடது கையால் பிடித்திருந்தார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். தகட்டை டையில் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பிரஸ் இறங்கி வெட்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை இதையே செய்ய வேண்டும்.

"ரெண்டு பட்டன் சார். ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கும். கை உள்ள மாட்டக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கான்."

"அப்புறம் எப்படிண்ணே?"

"ஒரு பட்டனை அமுக்கி டேப் சுத்தி வெச்சிருந்தது. ஒரு கையால வெக்கலாம், ஒரு கையால அமுக்கலாம். பீஸ் நிறைய வரும்ல?"

"யாரு டேப் சுத்தினது?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "சுத்தியிருந்தது எல்லாருக்கும் தெரியும் சார். யார் சுத்தினாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. யோசித்துப் பாருங்கள். அந்த நைட் ஷிஃப்டில் எத்தனை மாயாவிகள்! டேப் சுற்றியவர் மறைந்துவிட்டார். 'இன்னிக்கு டார்கெட் முடிஞ்சாகணும்' என்றுவிட்டுப் போன சூப்பர்வைசர் மறைந்துவிட்டார். இத்தனை தேதிக்குள் சரக்கு வேண்டும் என்று ஆர்டர் போட்ட பெரிய கம்பெனி மறைந்துவிட்டது. ஐந்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று அந்தப் பொருளைக் கடையில் வாங்கியவர்கள் மறைந்துவிட்டார்கள். எல்லோரும் மறைந்த பிறகு மிச்சம் தெரிந்தது ஒரே ஒரு கை. அதுவும் இரும்பால் ஆனது இல்லை.

சட்டம் அந்தக் கைக்கு ஒரு கணக்கு வைத்திருந்தது. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலும், 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் ஒரு அட்டவணை உண்டு. பலமுறை திருத்தப்பட்ட அட்டவணை. ஒரு கை முழுசாகப் போனால், சம்பாதிக்கும் திறனில் 60 சதவீதம் இழப்பு. கட்டைவிரல் மட்டும் போனால் 30. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20. இப்படி உடம்பு முழுக்கக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஏதாவது ஒரு கணக்கு வேண்டும்தான், இல்லாவிட்டால் அந்தப் பணமும் வராது. ஆனால் அந்த அட்டவணையில் டேப் சுற்றிய விரலுக்கு ஒரு வரி கிடையாது.

லூயி கிராண்டேலும் ஒரு தொழிலாளிதான், வேலை செய்த இடத்தில் விபத்தில் கையை இழந்தவன்தான் என்பதை அன்றுதான் நான் யோசித்தேன். அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஐ.டி.ஐ. படித்த பையன்கள் அந்தப் புத்தகத்தை அத்தனை ஆசையாக வாசித்ததில் ஒரு அர்த்தம் இருக்கலாம். போன கை திரும்பி வருகிறது. முன்னைவிட பலமாக வருகிறது. சுவரை உடைக்கிறது. விரல் நுனியிலிருந்து குண்டு பாய்கிறது. கை போன மனிதனை உலகம் பார்த்து நடுங்குகிறது! எந்த அட்டவணையும் தராத ஆறுதலை ஒரு காமிக்ஸ் தந்திருக்கிறது.

தொழிற்சாலை சமாசாரம் நமக்கெதற்கு, நாம் ஆபீஸ் ஆட்கள் என்கிறீர்களா? வீட்டுக்கே வாருங்கள். எங்கள் பக்கம் பாதாள சாக்கடை எட்டாத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. தொட்டி நிரம்பினால் லாரிக்கு போன் செய்வோம். லாரி வரும், உறிஞ்சும், பணத்தை வாங்கிக்கொண்டு போகும். எங்கே போகும்? ராத்திரியில் ஏரிக்கரையோரமும் கால்வாயிலும் இப்படி லாரிகள் திறந்துவிட்டுப் போவதாகப் பத்திரிகையில் செய்தி வருவது புதிதில்லை. படித்துவிட்டு 'அக்கிரமம்!' என்கிறோம். அக்கிரமம்தான். அந்தக் குழாயைத் திறந்த கை டிரைவருடையது. ஆனால் அந்தக் கைக்கு மேலே தோள் இருக்கிறது. தோளுக்குப் பின்னால் மறைந்து நிற்பது யார்? எங்கே கொட்டுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கேட்டைச் சாத்திக்கொண்ட வீட்டுக்காரர்களும்தானே?

இதே மாதிரிதான் பெயரில்லாமல் பரப்பிவிடும் வதந்தியும். 'எனக்கு வந்துச்சு, அனுப்பிட்டேன்.' வந்தது எங்கிருந்து? யாருக்கும் தெரியாது. அனுப்பிய கட்டைவிரல் மட்டும் தெரியும். அதன் மதிப்பு 30 சதவீதம் என்று இப்போதுதானே பார்த்தோம்!

ஆக, கிளாக்கானின் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'யாரும் பார்க்காவிட்டால் நீ நல்லவனாக இருப்பாயா?' என்று கேட்டால் எல்லோருடைய கவனமும் பார்க்கிற கண் மேல் போய்விடுகிறது. கடவுளின் கண், கேமராவின் கண், மாமியாரின் கண். அப்படிக் கேட்காமல், 'இந்தக் காரியத்தின் அந்தப் பக்கத்து நுனியில் யாருடைய கை இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். டேப் சுற்றும்போது சூப்பர்வைசர் பார்க்கிறாரா என்பது முக்கியமே இல்லை. நாளை அந்த மிஷினில் உட்காரப் போகிறவனின் விரல் முக்கியம். அவன் இருக்கிறான். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இருக்கிறான். அநியாயம் நடப்பது நம் உள்ளத்தில் மட்டும் இல்லை, சாக்ரடீஸ் ஐயா. அவனுடைய விரலிலும் நடக்கிறது.

'அப்படியானால் மறைவதே கூடாதா? பெயர் போடாமல் தர்மம் செய்கிறவர்கள் இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டியூப் லைட்டில் கொட்டை எழுத்தில் உபயம் போட்டு வெளிச்சத்தையே மறைத்துவிடும் ஊரில், பெயர் சொல்லாமல் கொடுக்கிறவர்கள் உயர்ந்தவர்கள்தான். ஆனால் அவர்களும் முகத்தைத்தான் மறைக்கிறார்கள். கொடுத்த கை தெரிகிறது. வாங்கியவரின் வயிற்றில், படித்தவரின் படிப்பில் தெரிகிறது. அப்படி மறைவதற்கு மாயாவியே பொறாமைப்படுவார்.

இன்னொன்றும் உண்டு. நம்மை அரசாங்கமே கூப்பிட்டு, 'கொஞ்ச நேரம் மறைந்துகொள்' என்று சொல்கிற இடம். ஓட்டுச் சாவடி! மூன்று பக்கம் அட்டை வைத்து மறைத்திருப்பார்கள். உள்ளே நாம் எந்தப் பட்டனை அமுக்கினோம் என்பது யாருக்கும் தெரியக்கூடாது. முதலாளிக்கு, சாதிக்காரருக்கு, கவர் கொடுத்தவருக்கு, கட்டிய புருஷனுக்கு, யாருக்கும். பலம் இல்லாதவனுக்கு மறைவுதான் பலம் என்று தெரிந்து செய்த ஏற்பாடு. ஆனால் உள்ளே போகும் முன் விரலில் மை வைத்துவிடுகிறார்கள். மைசூரில் தயாராகும் அந்த அழியாத மை பொதுத்தேர்தலுக்கு வந்தது 1962-ல். மாயாவி லண்டனில் பிறந்த அதே வருஷம்!

அவருக்கு வலது கை, நமக்கு இடது கை ஆள்காட்டி விரல். அவ்வளவுதான் வித்தியாசம். யாருக்குப் போட்டோம் என்பது மறைந்துவிடும். போட்ட விரல் மட்டும் சில வாரம் கறுப்பாகத் தெரிந்துகொண்டிருக்கும். பிறகு யார் ஜெயித்தாலும், ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தாலும், 'எல்லாம் அவங்க பண்றது' என்று சொல்ல வாயைத் திறக்கும்போது அந்த விரலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை அடையாளம் தெரியாமல் ஒரு காரியம் செய்ய உங்களுக்குச் சந்தர்ப்பம் வரும். ராட்சச மோதிரம் எதுவும் வேண்டாம், ஒரு டேப் சுருளே போதும். சுற்றிலும் பார்ப்பீர்கள். யாரும் இருக்க மாட்டார்கள். கேமரா வேலை செய்யாது. அப்போது மேலேயும் பார்க்க வேண்டாம், பின்னாலும் பார்க்க வேண்டாம். கீழே, உங்கள் கையைப் பாருங்கள். அது மறைந்திருக்காது.

அது தொடப்போகும் இன்னொரு கையும் அங்கேயே பக்கத்தில்தான் இருக்கும்.